சொல்தா வீட்டுக் கறுப்பு டப்பா

நவம்பர் 3, திங்கட்கிழமை. காலை மணி 10.20.

பெட்டி இருந்தது. பதக்கம் இல்லை.

பிரிஸ்கில்லா நீல வெல்வெட் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. எழுபது வருடமாக அங்கே படுத்திருந்த பதக்கத்தின் தடம்.

அது அவள் மாமனார் சகாயநாதனுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் சண்டை போட்டவர். குருசுக்குப்பத்துக்குத் தெற்கே இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டைத் தெருவில் எல்லோரும் சொல்தா வீடு என்றுதான் சொல்வார்கள்; பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய். போன நவம்பர் பன்னிரண்டாம் தேதி அவர் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய அறையைப் பூட்டினார்கள். வருஷப் பூசை அன்றுதான் திறப்பது என்று மூத்த மகனும் அவள் கணவருமான மார்ட்டின் முடிவு செய்திருந்தார்.

இடையில் வீட்டார் அந்த அறையை இரண்டே முறை திறந்தார்கள். ஆகஸ்ட் நான்காம் தேதி ஒரு தடவை, இன்று ஒரு தடவை. இரண்டு தடவையும் ஒரே ஆளுக்காக.

அந்த ஆள் இப்போது அறையின் நடுவில் ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். ஜோவிதா, இருபத்து நான்கு வயது. ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் கூரைக் கொக்கியிலிருந்து அப்போதுதான் வெட்டி எடுத்த கறுப்பு டப்பா.

"எறங்குடி கீழ," என்றாள் பிரிஸ்கில்லா. "பையக் காட்டு."

பையில் ஒன்பது டப்பாக்கள், ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில். பதக்கம் இல்லை.

"அப்ப ஆகஸ்ட்லயே எடுத்துட்ட. குக்கர் விசில் அடிச்சுதுன்னு நான் உள்ள போனேனே, அஞ்சு நிமிஷம். அப்ப எடுத்திருக்க."

"அக்கா, நான் அலமாரிய தொடவே இல்லக்கா."

"யாருக்குடி அக்கா?"

அடுத்த சொல்லைப் பிரிஸ்கில்லா தெரு வாசற்படியில் வைத்துத்தான் சொன்னாள். திருடி என்ற சொல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. ஜோவிதாவின் வீடு அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்.

மதியம் 12.05.

அரீபா காவல் நிலையத்துக்கு வந்தபோது ஜோவிதா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நோட்டை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தாள்.

அரீபா நிலவியல் படித்தவள். வீடுகளுக்குள் இருக்கும் ரேடான் வாயுவை அளக்கும் கணக்கெடுப்பை வடிவமைத்தவள்; அதற்காக வீடுவீடாக டப்பா மாட்டுவது ஜோவிதாவின் வேலை. சப்-இன்ஸ்பெக்டர் கன்னியப்பன் அவளை உட்காரச் சொன்னார்.

"மொதல்ல இது இன்னான்னு சொல்லுங்க மேடம்." மேசையில் கறுப்பு டப்பா இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு முகத்தில் நான்கு ஊசித் துளைகள். "பாத்தா கேமரா மாதிரி இருக்குது."

"வெறும் பிளாஸ்டிக் சார். மண்ணுக்குள்ள கொஞ்சம் யுரேனியம் எல்லா ஊர்லயும் இருக்கும். அதுலேர்ந்து ரேடான் வாயு வரும். மூடி வச்ச ரூம்ல சேந்துக்கும். ரொம்பச் சேந்தா நுரையீரலுக்குக் கெடுதல். அந்த வாயு இந்த ஓட்டை வழியா உள்ள போகும். உள்ள ரெண்டு பிலிம் இருக்கு. வாயு அதுல தடம் போடும். மூணு மாசம் கழிச்சு எடுத்து எண்ணுவோம்."

"ஊர்ல எல்லா வீட்டுலயுமா?"

"இருநூத்திப் பன்னெண்டு வீட்டுல. எந்த வீடுன்னு வரைபடம் சொல்லும். கடலோர மணல், ஆத்து வண்டல், மேட்டுப்பக்கம் செம்மண் கல், எல்லாம் ஒரு படம். தெருத்தெருவா மீட்டரோட நடந்து அளந்த இயற்கைக் கதிர்வீச்சு இன்னொரு படம். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கட்டம் போட்டேன். எங்க எண்ணு மாறுதோ அங்க நெறைய டப்பா. மாறாத எடத்துல கொஞ்சம். பூட்டியே கெடக்கிற ரூம் கெடைச்சா விடமாட்டோம். அதான் சொல்தா வீடு."

"எங்க ஸ்டேஷன்லயும் ஒண்ணு மாட்டுங்க. இங்க இன்னா காத்து அடிக்குதுன்னு நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்." கன்னியப்பன் தொண்டையைச் செருமினார். "மேடம், பழைய பொருள் வாங்கற கடை இந்த ஊர்ல நெறைய. இந்த மாதிரிப் பதக்கத்துக்கு ஆள் இருக்குது. அந்த ரூமுக்குள்ள போன வெளியாள் இந்தப் பொண்ணு ஒண்ணுதான். வியாழக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் எப்.ஐ.ஆர்."

அப்போது ஜோவிதாவின் கைபேசி ஒலித்தது. அவள் கேட்டாள், தலையாட்டினாள், வைத்தாள்.

"சொல்தா வீட்டுக்கு எதிர்வீட்டு ஆயம்மா மேடம். அவங்க வீட்டு டப்பாவ கழட்டி வாசல்ல வச்சிட்டாங்களாம். வந்து எடுத்துக்கோ, உள்ள வராதன்றாங்க."

இன்னும் எழுபத்தொரு வீட்டில் டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. எழுபத்தொரு கதவு. ஜோவிதாவின் வேலையே யாராவது கதவைத் திறப்பதில்தான் இருந்தது.

பிற்பகல் 3.30.

சகாயநாதனின் அறைக்கு இரண்டு கதவு. ஒன்று வீட்டுக்குள் திறப்பது. அதன் சாவி மார்ட்டினின் இடுப்பில். இன்னொன்று பக்கத்துச் சந்துக்குப் போவது; பிரெஞ்சுக்காரர் காலத்துப் பித்தளைப் பூட்டு.

"இதுக்குச் சாவி?" என்றார் கன்னியப்பன்.

"தொலைஞ்சு பல வருஷம் ஆச்சு சார்," என்றார் மார்ட்டின். ஐம்பத்தைந்து வயது, பேசும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தானே புயல் அடிச்ச வருஷம்னு நெனைக்கிறேன்."

"இந்த டப்பா எதுக்குன்னு வீட்ல யாருக்கெல்லாம் தெரியும்?" அரீபா கேட்டாள்.

"எனக்கும் பிரிஸ்கில்லாவுக்கும். நான்தான் பாரத்துல கையெழுத்துப் போட்டேன். வேற யாருகிட்டயும் சொல்லல. பூட்டின ரூமத் தொறந்தோம்னு சொந்தக்காரங்க பேசுவாங்க."

"வீட்ல யாருமே இல்லாம கடைசியா எப்ப இருந்துச்சு?"

"நேத்து ஒருத்தரும் இல்ல. கல்லறைத் திருநாள். காலையிலேர்ந்து எல்லாரும் கல்லறையிலதான். டோனிதான் லேட்டு. மெழுகுவத்தியெல்லாம் எரிஞ்சு முடிஞ்சப்புறம் வந்தான்."

"டோனி?"

"என் தம்பி."

வராந்தாவில் ஒருவர் டேப்பைப் பிடித்துத் தூண்களுக்கு இடையே அளந்துகொண்டிருந்தார். வருஷப் பூசைச் சாப்பாட்டுக்குப் பந்தல். மெலிந்த உடம்பு, விரல் நுனியில் வெள்ளைச் சாம்பல் போல ஏதோ. அவர் பக்கத்தில் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் துடைத்துப் பளபளவென்று நின்றன.

"இதெல்லாம் இன்னும் எரியுதா?" என்றாள் அரீபா.

"நல்லா எரியும் மேடம்," என்றார் டோனி. "முதலியார்பேட்டையில லைட் கடை வச்சிருக்கேன். ஓட்டல்காரங்களுக்கு இதுதான் இப்ப பிடிக்குது. முப்பது வச்சிருக்கேன். பன்னெண்டாம் தேதி அப்பா கல்லறைக்கு எடுத்துட்டுப் போக ரெண்டு." அளவை எழுதிக்கொண்டார். அண்ணன் பக்கம் திரும்பாமலே, "எத்தினி பேர்?" என்றார்.

"நூறு," என்றார் மார்ட்டின், அவரும் தம்பியைப் பார்க்காமல்.

அரீபா அறைக்குத் திரும்பினாள். சந்துக் கதவின் கீல்கள் கடல்காற்றில் துருவேறிச் செதில் செதிலாக இருந்தன. சாவித் துவாரத்தில் சுண்டுவிரலை வைத்தாள். எண்ணெய்.

பிறகு ஸ்டூல் மேல் ஏறிக் கூரைக் கொக்கியைப் பார்த்தாள். ஜோவிதா டப்பாவைக் கழற்றும்போது முடிச்சை அவிழ்ப்பதில்லை. அவசரத்தில் வெட்டித்தான் எடுப்பாள். முடிச்சு கொக்கியிலேயே நிற்கும். அது அங்கே நின்றது, நைலான் நரம்பில்.

"ஜோவிதா, இது உன் முடிச்சா?"

ஜோவிதா ஏறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நரம்பு என்னுது மேடம். அப்பா தூண்டில் நரம்பு. முடிச்சு என்னுது இல்ல. நாங்க வலை முடிச்சு போடுவோம், இழுக்க இழுக்க இறுகும். இது சும்மா முறுக்கி முறுக்கி விட்டிருக்கு."

"காலையில சொல்லலியே?"

"வெட்டும்போது பாக்கல மேடம். ஒரு நாளைக்குப் பத்து வீடு."

கன்னியப்பன் கழுத்தை நிமிர்த்திக் கொக்கியைப் பார்த்தார். "அப்ப யாரோ எறக்கி மறுபடி ஏத்தியிருக்கான்."

"அது வேற எங்கயாவது போயிட்டு வந்துதான்னு டப்பாவையே கேப்போம்," என்றாள் அரீபா.

நவம்பர் 4, செவ்வாய். காலை 11.40.

வழக்கமாக ஐம்பது பிலிம் சேர்ந்த பிறகுதான் கழுவுவார்கள். அன்று இரண்டே இரண்டு. சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒன்றரை மணி நேரம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கன்னியப்பன் ஆய்வகத்தின் வாசலில் நனைந்த தொப்பியை உதறினார்.

அரீபா மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து எண்ணினாள். நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினாள்.

"சார், இந்த டப்பாக்குள்ள ரெண்டு அறை, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. ரேடானுக்கு ஆயுசு நாள்கணக்கு. முன்னறையத் தாண்டிப் பின்னறைக்கும் போயிடும். அதுக்கு ஒரு தம்பி இருக்கு. தோரான்னு பேரு. தோரியத்துலேர்ந்து வர்றது. ஒரு நிமிஷத்துக்குள்ள பாதி செத்துடும். முன்னறையோட சரி, பின்னறை வரைக்கும் வராது."

"சரி."

"பின்னறை பிலிம் ஒழுங்கா இருக்கு. ரேடான் இருபத்திமூணு. ஊர்ல பாதிக் கட்டத்துக்கு இருபதுலேர்ந்து இருபத்தஞ்சுக்குள்ள வரும்னு என் வரைபடம் முன்னாடியே சொன்னது. முன்னறை பிலிம்தான்..." அவள் காகிதத்தைத் திருப்பினாள். "தோரான் ஆயிரத்தி நூறு."

"அது அதிகமா?"

"இந்த ஊர்ல நான் பாத்ததுலயே ஒசத்தி அறுபது. அது குருசுக்குப்பத்துல கடற்கரையை ஒட்டின வீடு. அந்த மணல்ல கொஞ்சம் தோரியம் இருக்கும். வேற எந்தக் கட்டமும் அறுபதத் தாண்டாது. கருவடிக்குப்பம் செம்மண் மேடும் சரி, முதலியார்பேட்டை வண்டலும் சரி."

"அப்ப எந்த மண்ணு?"

"மண்ணே இல்ல சார். இந்த ஊர் மண்ணால இது முடியாது. மனுஷன் செஞ்ச பொருள். தோரான் தூரமா நடக்காது. பொறந்த எடத்துலயே செத்துடும். அதனால இந்த டப்பா அந்தப் பொருளை ஒட்டி உக்காந்திருக்கணும். மூடின எடத்துல, பல வாரம்."

கன்னியப்பன் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். "தோரியம் கலந்த பொருள் எவன் வீட்டுல இருக்கும்?"

"நெறைய பேர் வீட்ல இருந்துச்சு, ஒரு காலத்துல," என்றாள் அரீபா. "நாளைக்கு ஒரு எடத்துக்குப் போலாம். மார்ட்டினையும் அவர் வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஜோவிதா என்னோட வருவா."

நவம்பர் 5, புதன். மாலை 4.15.

முதலியார்பேட்டையில் டோனியின் கடை. சீரியல் பல்புச் சரங்கள் சுவரெங்கும் சுருண்டு தொங்கின. பலகையில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வரிசையாக நின்றன. டோனி உள்ளே வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அண்ணனிடம் வந்து கண் நின்றது.

"என்ன எல்லாருமா?"

அரீபா பையிலிருந்து மீட்டரை எடுத்து முடுக்கினாள். தெருக்களை அளந்த அதே மீட்டர். டிக்... டிக்... என்று சோம்பலாகப் பேசியது. அவள் பலகையின் ஓரமாக நடந்தாள். மூலையில் ஒரு பெரிய பிஸ்கட் டின். டின்னை நெருங்க நெருங்க மீட்டர் மழைத் தூறல் போல் படபடத்தது.

"இதுல என்ன?"

"மேண்டில் மேடம். பெட்ரோமாக்ஸுக்குக் கட்டற பட்டு வலை. மொத்தமா வாங்கி வச்சிருக்கேன்." டோனியின் குரல் தணிந்தது.

"அந்த வலைல தோரியம் ஏத்தியிருப்பாங்க, வெளிச்சம் வெள்ளையா வர்றதுக்கு. எரிச்சா சாம்பலாகி விரல்ல ஒட்டும். திங்கக்கிழமை உங்க விரல்ல பாத்தேன். ஆனா அன்னிக்கு எனக்கு அது ஒண்ணும் சொல்லல." அவள் ஜோவிதாவின் பையிலிருந்து கறுப்பு டப்பாவை எடுத்து டின் மேல் வைத்தாள். "இது இந்த டின்னுக்குள்ளதான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லுங்க."

ஒரு பல்புச் சரத்தை ஜோவிதா தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரம் ஆணியில் முறுக்கி முறுக்கி விடப்பட்டிருந்தது.

"இதே முடிச்சுதான் மேடம்," என்றாள்.

"முடிச்சு, பூட்டுல எண்ணெய், பிலிம். மூணும் அப்புறம்," என்றாள் அரீபா. "நாம எல்லாரும் தவறவிட்டது வேற. இந்த டப்பாவை ஒருத்தர் எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? ஜோவிதாவுக்கு இது என்னன்னு தெரியும். மார்ட்டின் சாருக்குத் தெரியும். பிரிஸ்கில்லா அம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சவங்க இதுக்குப் பயப்பட மாட்டாங்க. இதை எறக்கினவர் இதப் பாத்துப் பயந்தவர். உங்களை மாதிரியேதான் எஸ்.ஐ. சார், கேமரான்னு நெனச்சவர்."

டோனி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆகஸ்ட் பதினஞ்சு," என்றார். "மாதா திருநாள் பூசைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தீங்க. சந்துக் கதவுச் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. சின்ன வயசுல அப்பா குடுத்தது, லேட்டா வந்தா அம்மாவ எழுப்பாத வாடான்னு. பதக்கத்த எடுத்துட்டுத் திரும்பறேன், மேல நாலு கண்ணு பாக்குது."

"அதை ஏன் டின்னுல போட்டீங்க?"

"ஒடைக்கப் பயம். அதுலேர்ந்து எங்கயாவது சத்தம் போவுமோன்னு. இருட்டுல வச்சா ஒண்ணும் பாக்காதுன்னு உள்ள போட்டேன்."

"அது இருட்டுலதான் பாக்கும்," என்றாள் ஜோவிதா. அதுவரை அவள் அவரிடம் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

"சனிக்கிழமை பக்கத்துத் தையக்கடையில நீ இதே மாதிரி ஒண்ணு எடுத்துட்டுப் போனம்மா. இன்னான்னு கேட்டேன். தையக்காரர் சொன்னாரு. அடுத்து எங்க வீட்டு டப்பாவையும் எடுக்க வருவாங்கன்னு புரிஞ்சுது. மறுநாள் எல்லாரும் கல்லறையில இருக்கும்போது கொண்டுபோய் மாட்டிட்டேன். பதக்கத்தையும் கையில வச்சிருந்தேன். பெட்டியத் தொறந்தேன். வைக்க மனசு வரல."

அவர் டின்னைத் திறந்தார். வெள்ளை வலைகளுக்கு அடியில் துணி முடிப்பு. உள்ளே பதக்கம்.

"எனக்குப் பதினெட்டு வயசுல அப்பா பிரான்சுப் பட்டாளத்துல சேர பாரம் வாங்கிட்டு வந்தாரு. கிழிச்சுப் போட்டேன். அன்னிலேர்ந்து எங்கிட்டப் பேசல. சாகும்போதும் பேசல. வருஷப் பூசையில இதை உனக்குத்தான் குத்துவாங்கன்னு தெரியும். எனக்குன்னு அவருகிட்டேர்ந்து ஒண்ணும் இல்லண்ணே." அண்ணனை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "அந்தக் கேமராவ எனக்காகத்தான் நீ மாட்டி வச்சிருக்கேன்னு நெனச்சேன். டோனி வருவான், திருடுவான்னு."

மார்ட்டின் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை.

"சாவி உங்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும்டா," என்றார். "பூட்ட மாத்துன்னு இவ எத்தினி தடவ சொன்னா. நான் மாத்தல. என்னைக்காவது நீயா தொறந்து வருவேன்னுதான் மாத்தல."

கடைக்குள் மீட்டர் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. அரீபா அதை அணைத்தாள்.

"அப்படின்னா திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும்," என்றாள். "சாவி தொலைஞ்சுபோச்சுன்னு சார்கிட்ட சொன்னீங்க. உங்க தம்பியா இருக்கக் கூடாதுன்னு நெனச்சீங்க, அது புரியுது. ஆனா அதுக்குப் பதிலா யாரைக் குடுத்தீங்க?"

மார்ட்டின் தலை குனிந்தார். பிரிஸ்கில்லா ஜோவிதாவின் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள்.

ஜோவிதா கையைக் கொடுக்கவில்லை. "இங்க வேணாம்," என்றாள். "என்னை எங்க வச்சு சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

நவம்பர் 6, வியாழன். மாலை 4.50.

கெடுவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கன்னியப்பன் திரும்பப் பெற்ற புகாரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். டோனி மீது வழக்கு வேண்டாம் என்று மார்ட்டின் எழுதிக் கொடுத்திருந்தார்.

சொல்தா வீட்டு வாசலில் பிரிஸ்கில்லா நின்றாள். திங்கட்கிழமை நின்ற அதே படி.

"ஜோவிதா எடுக்கல," என்றாள். "எங்க வீட்டு ஆள்தான் எடுத்தது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அடுத்த வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. டோனி சந்து முனையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாவியை அண்ணனிடம் நீட்டினார். மார்ட்டின் வாங்கவில்லை, தம்பியின் விரல்களை மடக்கிச் சாவியை அவர் கையிலேயே வைத்தார்.

"இந்த வீட்டுக் கணக்கு கெட்டுப்போச்சு," என்றாள் அரீபா. "மறுபடியும் மூணு மாசம் மாட்டணும்."

"மாட்டுங்க," என்றார் மார்ட்டின். "ஆனா அந்த ரூம் இனிமே பூட்டி இருக்காது மேடம்."

"பரவால்ல. அதுக்கும் ஒரு எண்ணு வரும்."

ஜோவிதா உள்ளே போய்க் கொக்கியில் நரம்பைக் கோத்து வலை முடிச்சுப் போட்டாள். இருமுறை இழுத்துப் பார்த்தாள். நோட்டில் தேதி எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

எதிர்வீட்டு வாசற்படியில், மூன்று நாள் மழையில் நனைந்து, ஒரு கறுப்பு டப்பா உட்கார்ந்திருந்தது. அவள் குனிந்து எடுத்துத் துளைகளை ஊதினாள். வீணாகிப்போன டப்பா. பையில் போட்டுக்கொண்டு நடக்கத் திரும்பினாள்.

பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"ஏம்மா," என்றாள் ஆயம்மா, கதவை முழுசாகத் திறந்து பிடித்தபடி. "புதுசு ஒண்ணு வச்சிருக்கியா? ஸ்டூல் எடுத்துப் போட்டிருக்கேன்."